பெரிய வளைந்த எஃகுத் தகட்டுப் பாகங்களின் உருவாக்கம்

பெரிய வளைந்த எஃகுத் தகட்டுப் பாகங்களின் உருவாக்கம் என்பது தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்து உருளை, கூம்பு, கிண்ணம், கோளம் முதலிய வடிவங்களில் பெரிய பாகங்களைச் செய்யும் முறைகளைக் குறிக்கும். காற்றாலைக் கோபுரம், கொதிகலன், எரிவாயுச் சேமிப்புக் கலன், கப்பலின் உடற்பகுதி, தொடர்வண்டிப் பெட்டி, பேருந்துக் கூடு, மகிழுந்தின் மேற்தகடு ஆகியன இவ்வாறு செய்யப்படுவன. தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானதிலிருந்து நூறு மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது வரை இருக்கலாம். எந்த முறையைக் கையாள்வது என்பதைத் தடிப்பு, வளைவின் வகை, வளைவின் ஆரம், செய்ய வேண்டிய எண்ணிக்கை ஆகிய நான்கும் முடிவு செய்கின்றன.

தென்காசி வட்டாரத்தில்

தென்காசி மாவட்டத்தில் அச்சன்புதூர், செங்கோட்டை, குற்றாலம் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளன. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. குற்றாலத்தில் சாரல் தரும் அதே காற்று, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரச் சமவெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றாலைகளின் குழாய்க் கோபுரங்களே இப்பகுதி மக்கள் நாள்தோறும் காணும் மிகப்பெரிய வளைந்த எஃகுத் தகட்டுப் பாகங்கள் ஆகும்.

இதற்கு முன்னரும் இத்தகைய பாகங்கள் இப்பகுதிக்கு வந்துள்ளன. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை இருப்புப்பாதையில் ஓடிய நீராவிப் பொறிகளின் கொதிகலன்கள், உருட்டி வளைத்த தகடுகளைத் தரையாணிகளால் இணைத்துச் செய்யப்பட்டவை. 1944இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம், நீரை உயர் அழுத்தத்தில் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்களைக் கொண்டது.

ஊர்க் கொல்லர்களின் பட்டறைகளில் இந்தத் தொழில்நுட்பத்தின் சிறிய வடிவங்கள் இருந்தன. மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவது அவற்றுள் ஒன்று. சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகப் பட்டையை வளைத்து இணைத்து, வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றி நீர் ஊற்றுவர். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டை 500 பாகை செல்சியசு சூடேறும்போது அதன் சுற்றளவு சுமார் 3 செ.மீ. கூடும். குளிரும்போது அது சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கப்பல் கட்டும் தளங்களில் இன்றும் கையாளப்படும் வெப்பக்கோட்டு முறைக்கும் இதே பண்பே அடிப்படை.

வளைவின் வகைகள்

வளைந்த பரப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

1. ஒற்றை வளைவு: உருளை, கூம்பு ஆகியன. ஒரு தாளைக் கிழிக்காமல், கசக்காமல் மூங்கில் குழாயின்மீது சுற்றிவிட முடியும். அதுபோலவே தகட்டின் நீள அகலங்களை மாற்றாமல், வளைப்பதால் மட்டும் இவ்வடிவங்களைப் பெறலாம்.

2. இரட்டை வளைவு: கோளம், கிண்ணம், கப்பலின் முன்பகுதி ஆகியன. அதே தாளை ஒரு தேங்காயின்மீது சுருக்கமின்றிச் சுற்ற முடியாது. ஓரங்களில் மடிப்பு விழும், அல்லது நடுவில் கிழியும். தகட்டில் இவ்வடிவத்தைப் பெறச் சில இடங்களில் அது நீள வேண்டும், வேறு சில இடங்களில் சுருங்க வேண்டும்.

ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் வளைத்தால் அதன் ஒரு குறிப்பிட்ட வளைவு அளவு மாறாது என்பதைச் செருமானியக் கணிதவியலாளர் காஃவுசு 1827இல் நிறுவினார். தட்டையான தகட்டுக்கு அவ்வளவு சுழி. உருளைக்கும் கூம்புக்கும் அது சுழியே. கோளத்திற்கு அது சுழியன்று. ஆகவே ஒற்றை வளைவுக்கு ஓர் உருட்டும் பொறி போதுமானதாக இருக்க, இரட்டை வளைவுக்கு அச்சு, சுத்தியல் அல்லது வெப்பம் தேவைப்படுகிறது.

மீள்வளைவு

எஃகை வளைத்து விட்டுவிட்டால் அது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். இது மீள்வளைவு எனப்படும். பெரிய வளைந்த பாகங்களைச் செய்வோர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் இதுவே.

ஒரு தகட்டை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, நடுவே நீளம் மாறாத ஓர் அடுக்கு உள்ளது. இது நடுநிலை அடுக்கு எனப்படும். மேற்பரப்பில் ஏற்படும் திரிபு, தகட்டின் தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். இத்திரிபு எஃகின் இளகு எல்லையைத் தாண்டினால்தான் வளைவு நிலைக்கும். தாண்டாவிட்டால் தகடு முழுமையாக நிமிர்ந்துவிடும்.

கட்டுமானங்களில் பயன்படும் சாதாரண எஃகின் இளகு தகைவு ஒரு சதுர மி.மீ.க்கு சுமார் 250 நியூட்டன். மீள்மைக் குணகம் சுமார் 2,00,000 நியூட்டன். இவற்றிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது: தடிப்பைப்போல் 400 மடங்கிற்கு மேற்பட்ட ஆரத்தில் வளைத்தால் இவ்வகைத் தகட்டில் வளைவு நிலைக்காது. 1.6 மி.மீ. தடிப்புள்ள தகட்டை 64 செ.மீ. ஆரமுள்ள உருளையின்மீது இறுகச் சுற்றிப் பின்னர் விட்டால், அது மீண்டும் தட்டையாகிவிடும். 355 நியூட்டன் இளகு தகைவு கொண்ட வலுவான எஃகுக்கு இவ்வெல்லை தடிப்பின் 280 மடங்கு அளவே. 20 மி.மீ. தடிப்புள்ள அவ்வகைத் தகடு 5.6 மீட்டர் ஆரம் வரை வளைத்தாலும் நிமிர்ந்துவிடும்.

ஆகவே கூர்மையான வளைவே கடினமானது என்ற பொதுவான எண்ணம் முழுமையாகச் சரியன்று. விசையைப் பொறுத்தவரை கூர்மையான வளைவு கடினம். துல்லியத்தைப் பொறுத்தவரை மென்மையான பெரிய வளைவே கடினம். தகடு மெலிதாகவும் எஃகு வலுவாகவும் ஆகும்போது இச்சிக்கல் கூடுகிறது.

மீள்வளைவை ஈடுசெய்யத் தேவையான அளவைவிடக் கூடுதலாக வளைப்பது வழக்கம். மேற்கூறிய 20 மி.மீ. தகட்டில் 2 மீட்டர் ஆரம் வேண்டுமெனில், எளிய கணக்கின்படி, பொறியில் சுமார் 1.3 மீட்டர் ஆரத்திற்கு வளைக்க வேண்டும். ஒரே வகை எஃகிலும் இளகு தகைவு தகட்டுக்குத் தகடு வேறுபடுவதால், கணக்கை மட்டும் நம்பாமல் வளைவுமானியை வைத்துப் பார்த்துப் பலமுறை உருட்டுவர்.

உருவாக்க முறைகள்

உருட்டி வளைத்தல்

உருளை, கூம்பு வடிவங்களுக்கு மிகவும் பரவலான முறை இது. மூவுருளைப் பொறியில் கீழே இரண்டு உருளைகளும் மேலே ஓர் உருளையும் இருக்கும். இவற்றிடையே தகடு முன்னும் பின்னுமாகச் செல்ல, மேல் உருளை சிறிது சிறிதாகக் கீழிறக்கப்படும். தகட்டின் இரு முனைகளும் உருளைகளின் பிடிக்குள் முழுமையாக வாரா. எனவே ஏறத்தாழக் கீழ் உருளைகளின் மைய இடைவெளியில் பாதி நீளம் ஒவ்வொரு முனையிலும் வளையாமல் நிற்கும். அழுத்தியில் முனைகளை முன்னதாக வளைத்தோ, கூடுதல் நீளம் விட்டுப் பின்னர் வெட்டியோ இக்குறை நீக்கப்படும். நாலுருளைப் பொறியில் தகடு இரு உருளைகளுக்கிடையே இறுகப் பிடிக்கப்படுவதால் முனைகளை அதே பொறியிலேயே வளைக்கலாம்.

அழுத்தி வளைத்தல்

நீளமான அழுத்தியில் தகட்டைச் சிறு இடைவெளிகளில் வரிசையாக அழுத்திப் பல சிறு மடிப்புகளால் வளைவைப் பெறுவது இம்முறை. உருட்டும் பொறியின் ஆற்றலுக்கு மேற்பட்ட தடித்த தகடுகளுக்கும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கும் இது பயன்படுகிறது. மடிப்புகளின் இடைவெளி மிகுந்தால் வளைவு பலகோணம் போல் தோன்றும்.

அச்சில் வடித்தல்

மகிழுந்தின் கதவு, கூரை முதலியன ஏறத்தாழ 0.7 மி.மீ. தடிப்புள்ள தகட்டில், ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் இடையே அழுத்தி வடிக்கப்படுகின்றன. தகட்டின் ஓரங்களைப் பிடிப்பான் அழுத்திப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் சுருக்கம் விழும். மிகுந்தால் தகடு கிழியும். அச்சுகளின் விலை மிக அதிகம். எனவே ஆயிரக்கணக்கில் ஒரே பாகத்தைச் செய்யும்போதே இம்முறை கட்டுபடியாகும்.

கிண்ண மூடிகள்

அழுத்தக் கலன்களின் இரு முனைகளையும் மூடும் கிண்ண வடிவப் பாகங்கள் பட்டறை வழக்கில் 'டிஷ் எண்டு' எனப்படுகின்றன. வட்டமாக வெட்டிய தகட்டைச் சிறிய அச்சின்கீழ் நகர்த்தி நகர்த்தி நூற்றுக்கணக்கான அழுத்தங்களால் நடுப்பகுதியைக் குழிவாக்குவர். பின்னர் தகட்டைச் சுழலவிட்டு, உள்ளும் புறமும் அமைந்த உருளைகளால் ஓரத்தை மடிப்பர். இதனால் கலனின் அளவுக்கேற்ற முழு அச்சு தேவைப்படுவதில்லை.

ஓர வளைவிலேயே திரிபு மிகுதி. 20 மி.மீ. தடிப்பும் 200 மி.மீ. உள் ஓர ஆரமும் உள்ள மூடியில், அழுத்தக் கலன் விதித்தொகுப்புகளில் வழங்கும் வாய்பாட்டின்படி, திரிபு சுமார் 7 விழுக்காடு. கரிம எஃகில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குளிர்நிலைத் திரிபு ஏற்பட்டால், குறிப்பிட்ட சூழல்களில் வெப்பப் பதப்படுத்தல் தேவை என அத்தொகுப்புகள் கூறுகின்றன. மாறாக, அதே தகட்டை 2 மீட்டர் ஆர உருளையாக வளைத்தால் திரிபு அரை விழுக்காடு மட்டுமே.

இதழ்களாகச் செய்தல்

ஒரே தகட்டில் அடங்காத கோளங்கள் ஆரஞ்சுச் சுளைகளைப் போன்ற இதழ்களாகச் செய்யப்படுகின்றன. ஒவ்வோர் இதழும் தொழிற்சாலையில் அழுத்தி வளைக்கப்பட்டு, நிறுவும் இடத்தில் பற்றவைக்கப்படும். இவ்வாறு களத்தில் கட்டப்பட்ட முதல் கோள அழுத்தக் கலனை அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் போர்ட் ஆர்தர் நகரில் 1923இல் சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் நிறுவனம் அமைத்தது. ஒரே விட்டமும் ஒரே உள் அழுத்தமும் கொண்ட உருளையில் ஏற்படும் உச்சத் தகைவில் பாதியே கோளத்தில் ஏற்படும். எனவே தடிப்பு பாதியாகக் குறைகிறது. இரட்டை வளைவின் உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பயன் இது.

இழுத்து வடித்தல்

மெல்லிய தகட்டில் பெரிய ஆர வளைவை நிலைக்கச் செய்யும் முறை இது. தகட்டின் இரு முனைகளையும் பிடித்து, முழுத் தடிப்பும் இளகும் வரை இழுத்து, அந்நிலையிலேயே அச்சின்மீது படியவைப்பர். மேற்புறமும் உட்புறமும் ஏறத்தாழ ஒரே தகைவில் இருப்பதால், விட்ட பின் தகடு சிறிதளவே நிமிரும். வானூர்திகளின் மேற்தகடுகளும் தொடர்வண்டிகளின் வளைந்த தகடுகளும் இவ்வாறு செய்யப்படுவதுண்டு.

வெப்பக்கோட்டு வளைப்பு

தகட்டின்மீது எரிவாயுச் சுடரை ஒரு கோட்டில் நகர்த்தும்போது, சூடேறிய பகுதி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதைத் தடுப்பதால் அப்பகுதி தடித்துவிடும். பின்னர் குளிரும்போது அது முன்னிருந்ததைவிடக் குறுகி, தகட்டைச் சுடர் பட்ட பக்கமாக வளைக்கும். கோடுகளின் திசையையும் இடைவெளியையும் மாற்றி இரட்டை வளைவையும் பெறலாம். கப்பல்களின் உடற்தகடுகளில் ஒவ்வொன்றின் வடிவமும் வேறானது என்பதால் அச்சு செய்வது கட்டுபடியாகாது. அங்கு இம்முறை பெரிதும் பயன்படுகிறது. எஃகின் பண்பு கெடாதிருக்க வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

கையால் அடித்து வடித்தல்

மணல் மூட்டை அல்லது குழிவான மரக்கட்டையின்மீது தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து நீட்டுவது மிகப் பழைய முறை. இரு சக்கரங்களுக்கிடையே தகட்டை அழுத்தி நகர்த்தும் கைப்பொறி இதன் வளர்ச்சியாகும். ஒன்றிரண்டு பாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் இதுவே இன்றும் ஏற்றது.

எடுத்துக்காட்டு: காற்றாலைக் கோபுரம்

குழாய்க் கோபுரம் பல கூம்புத் துண்டங்களின் அடுக்காகும். ஒரு துண்டத்தை உருவாக்கும் படிகள் வருமாறு:

1. கூம்புத் துண்டத்தை விரித்தால் விசிறி போன்ற வடிவம் கிடைக்கும். அவ்வடிவில் தகடு வெட்டப்படும். நீளத்தை நடுநிலை அடுக்கின் விட்டத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். 20 மி.மீ. தகட்டில் வெளி விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால் 63 மி.மீ. மிகுதியாகிவிடும்.

2. சுடரால் வெட்டிய விளிம்பு கடினமாகியிருக்கும் என்பதால் அது சாணை பிடிக்கப்பட்டு, பற்றவைப்புக்கு ஏற்றவாறு சரிவாக்கப்படும்.

3. தகடு உருட்டி வளைக்கப்படும். 4 மீட்டர் விட்டமும் 2.8 மீட்டர் உயரமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள துண்டம் சுமார் 5.5 டன் எடையுடையது. பாதி வளைந்த தகடு தன் எடையாலேயே தொய்ந்துவிடக் கூடும் என்பதால், மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் தாங்கிகள் தேவை.

4. நெடுக்கு இணைப்பு உள்ளும் புறமும் பற்றவைக்கப்படும். பொடிக்கு அடியில் மின்வில் எரியும் மூழ்கிய மின்வில் முறையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பின்னர் வட்டத்தைச் சீராக்க மீண்டும் ஒருமுறை உருட்டுவர்.

5. துண்டங்கள் ஒன்றோடொன்று சுற்றுப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டு, முனைகளில் தடித்த வளைய விளிம்புகள் பொருத்தப்படும். இவ்வாறு 20 முதல் 30 மீட்டர் நீளமுள்ள பகுதிகள் உருவாகின்றன. அவை வண்ணம் பூசப்பட்டு, காற்றாலை அமையும் இடத்தில் திருகாணிகளால் இணைக்கப்படும்.

கோபுரம் உயர உயர அடிப்பகுதி அகலமாக இருப்பது நல்லது. ஆனால் சாலைப் பாலங்களின் அடியில் செல்ல வேண்டியிருப்பதால் விட்டம் பொதுவாக 4.5 மீட்டரைத் தாண்டுவதில்லை. இந்த வரம்பினால் அகலத்திற்குப் பதிலாகத் தடிப்பைக் கூட்ட நேரிட்டு எஃகின் எடை மிகுகிறது. நெடுக்காகப் பிரித்து எடுத்துச்சென்று திருகாணிகளால் இணைப்பது, களத்திலேயே சுருளாக வளைத்துப் பற்றவைப்பது, அடிப்பகுதியைக் கற்காரையால் கட்டுவது ஆகியன மாற்று வழிகள்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் அமைந்தது. 1990களில் கோண இரும்புகளால் ஆன சட்டகக் கோபுரங்களும் பரவலாக இருந்தன. அவற்றுக்கு வளைக்கும் வேலை தேவையில்லை. உயரமும் திறனும் கூடியபோது குழாய்க் கோபுரங்கள் பெருகின.

திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1960களில் செக்கோசுலோவாக்கியாவின் உதவியுடன் தொடங்கப்பட்டது. அனல்மின் நிலையக் கொதிகலன்களின் தடித்த நீராவிக் கலன்களுக்கான தகடுகள் சூடேற்றப்பட்டு வளைக்கப்படுகின்றன. இவ்வாலையைச் சார்ந்து துவாக்குடி, அரியமங்கலம் முதலிய தொழிற்பேட்டைகளில் தகட்டு வேலைப் பட்டறைகள் பெருகின.

சென்னை பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில், தகட்டுக் கூடே சுமையைத் தாங்கும் வகையில் இங்குப் பெட்டிகள் செய்யப்பட்டன. பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 சனவரியில் நிறுத்தப்பட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கரூரில் பேருந்துக் கூடு கட்டும் தொழில் பெரிய அளவில் நடைபெறுகிறது. சென்னைக்கு அருகே மகிழுந்துத் தொழிற்சாலைகளில் அச்சு வடிப்பும், காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் உள்ளன.

இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் பி.எசு.எல்.வி. ஏவூர்தியின் முதல் கட்டத்தில் திண்ம எரிபொருளைத் தாங்கும் உறை, 2.8 மீட்டர் விட்டமுள்ள மிகுவலிமை எஃகுத் துண்டங்களால் ஆனது. இவ்வகைப் பாகத்தில் எடையைக் குறைக்கத் தடிப்பைக் குறைப்பதால், வட்டத்தின் சீர்மையும் பற்றவைப்பின் தரமும் மிக இன்றியமையாதன.

குறைபாடுகளும் சோதனைகளும்

* முட்டை வடிவம்: வட்டம் சீராக இல்லாவிடில் அடுத்த துண்டத்துடன் விளிம்பு பொருந்தாது. இழுத்துப் பிடித்துப் பற்றவைத்தால் எஞ்சிய தகைவு உள்ளே தங்கிவிடும்.
* கூரை முகடு: முனைகள் சரியாக வளையாமல் நெடுக்கு இணைப்பில் புடைத்து நிற்றல். அழுத்தம் ஏறி இறங்கும் கலன்களில் இவ்விடத்தில் களைப்பு வெடிப்பு தோன்றலாம்.
* நெளிவும் பள்ளமும்: மெல்லிய கூடு அமுக்கு விசையால் மடங்கும்போது, சிறு பள்ளமும் அதன் தாங்குதிறனைப் பெரிதும் குறைத்துவிடும்.
* விளிம்பு வெடிப்பு: சொரசொரப்பான வெட்டு விளிம்பிலிருந்து வளைக்கும்போது தொடங்குவது.
* மெலிவு: இரட்டை வளைவில் நீண்ட இடங்களில் தடிப்பு குறைதல். வடிவமைப்பில் கோரிய குறைந்தபட்சத் தடிப்பு வளைத்த பின்னும் இருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் சற்றுத் தடித்த தகடே எடுக்கப்படும்.

வளைவுமானியால் வடிவமும், கேளா ஒலியால் தடிப்பும் பற்றவைப்பின் உட்குறைகளும் சோதிக்கப்படும். அழுத்தக் கலன்கள் வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் நீரால் சோதிக்கப்படும். காற்றைப் போலன்றி நீர் மிகக் குறைவாகவே அமுங்கும். எனவே அதில் தேங்கும் ஆற்றல் குறைவு. சோதனையின்போது கலன் பிளந்தாலும் உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க இது உதவுகிறது. இந்தியாவில் கொதிகலன்களின் உருவாக்கமும் ஆய்வும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறைப்படுத்தப்பட்டன. அதற்குப் பதிலாக 2025இல் புதிய கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

* ஒற்றை வளைவு, நடுத்தரத் தடிப்பு: உருட்டி வளைத்தல்.
* ஒற்றை வளைவு, மிகத் தடித்த தகடு: சூடேற்றி உருட்டுதல் அல்லது அழுத்தி வளைத்தல்.
* மெல்லிய தகடு, பெரிய ஆரம்: இழுத்து வடித்தல், அல்லது வளைந்த சட்டங்களின்மீது தகட்டை இழுத்துப் பொருத்துதல்.
* இரட்டை வளைவு, மிகுந்த எண்ணிக்கை: அச்சில் வடித்தல்.
* இரட்டை வளைவு, குறைந்த எண்ணிக்கை, தடித்த தகடு: படிப்படியான அழுத்தம், இதழ் முறை, வெப்பக்கோட்டு முறை.
* இரட்டை வளைவு, ஒன்றிரண்டு பாகங்கள், மெல்லிய தகடு: கையால் வடித்தல்.

வடிவமைப்பவர் தொடக்கத்திலேயே இரட்டை வளைவைத் தவிர்த்து, உருளை, கூம்பு ஆகியவற்றின் துண்டங்களால் வடிவத்தை அமைத்தால் செலவு பெரிதும் குறையும். காற்றாலைக் கோபுரம் கூம்புத் துண்டங்களால் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பெரிய உருட்டும் பொறியும், நல்ல பற்றவைப்பும், கவனமாக அளக்கும் கைகளும் இருந்தால் அதை உருவாக்கிவிடலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* எஃகு
* பற்றவைப்பு
* கொதிகலன்
* காற்றாலை
* மீள்மை
* இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை